சிவனாண்டிக் கங்காணியின் முகம்

நீர்ச்சோலை எஸ்டேட்டின் பெரிய கங்காணி சிவனாண்டிக்குத் தலை இல்லாமல் போய் ஒன்பது நாள் கழித்துத்தான் அங்கே வேலை செய்த முந்நூறு பேருக்கும் விஷயம் தெரியவந்தது. அதில் அதிசயிக்க ஒன்றுமில்லை, ஏனென்றால் அந்த முந்நூறு பேரில் ஒருவரும் முப்பது வருஷமாக அவருடைய முழங்காலுக்கு மேலே எதையும் பார்த்ததில்லை.

அந்த மலையில் வழக்கம் அப்படி. கங்காணி எதிரே வந்தால் கொழுந்துக் கூடையை இறக்கி வைக்க வேண்டும், மழைக்குத் தலையில் போட்டிருக்கும் சாக்கை எடுத்துவிட வேண்டும், அவருடைய பூட்ஸைப் பார்த்தபடி நிற்க வேண்டும், பூட்ஸை மட்டும். வரிசையாகக் கட்டிய லயத்து வீடுகளில் பிள்ளைகள் நடக்கப் பழகும் முன்பே இதைப் பழகிவிடும். இடது பூட்ஸ் முன்னே வந்தால் கோபம், வலது பூட்ஸ் தரையைத் தட்டினால் ரொம்பக் கோபம், இரண்டும் சேர்ந்து நின்றால் யாருக்கோ அன்றைக்கு வேலை இல்லை என்று பெண்கள் ஜோசியம் போலச் சொல்லிவிடுவார்கள். ஆகவே மாசி மாதத்தின் முதல் ஒன்பது காலையும் சங்கு ஊதியதும் ஆட்களைப் பெயர் கூப்பிடும் பிரட்டுக்களத்துக்கு பூட்ஸ் வந்தது, குரல் வந்தது, குரல் செக்ரோல் என்ற பெயர்ப் பதிவேட்டைப் பார்த்து ஒவ்வொரு பெயராகக் கூப்பிட்டது, பெயருக்கு உரியவர்கள் “ஐயா” என்றார்கள், தேயிலைக் காட்டுக்குப் போனார்கள். கோட்டின் கழுத்துப்பட்டிக்கு மேலே மூடுபனி மட்டும் இருந்தது என்பது எவர் கண்ணிலும் படவில்லை. ஒரு மனுஷனைக் கும்பிட அவனுக்குத் தலை இருந்தாக வேண்டும் என்று யாரும் அவர்களுக்குச் சொல்லித் தந்திருக்கவில்லை.

பத்தாம் நாள் தலையைத் தூக்கிப் பார்த்தவள் மூன்றாம் லயத்து வெள்ளத்தாயி.

அவள் புருஷனை இழந்தவள், கொழுந்து பறிப்பதில் கைவேகம் உள்ளவள், வாயாடி இல்லை. வம்புக்கு என்று அவள் நிமிர்ந்து பார்க்கவில்லை. அவளுக்கு ஒரே ஒரு மகன், கொம்பையா என்று பெயர், இருபது வயசு. போன கார்த்திகையில் ஒரு காலை, மழைக்கு நடுவே, பிரட்டுக்களத்தில் எல்லாரும் குனிந்து நின்றபோது அவன் மட்டும் நிமிர்ந்து, கங்காணியை நேருக்கு நேர் பார்த்து, சண்டைக்காரன் போல இல்லாமல் நிஜமாகவே தெரிந்துகொள்ள விரும்புகிறவன் போல, “ஏன் ஐயா உங்க காலைப் பாக்கணும்? பேசுறது வாய்தானே?” என்று கேட்டுவிட்டான்.

அந்தக் கேள்வி அதுவரை அந்த மலையில் முளைக்காத செடி. யாரோ ஒரு பெண் பயத்தில் சிரித்துவிட்டு வாயைப் பொத்திக்கொண்டாள். பூட்ஸ் முன்னேயும் வரவில்லை, தரையையும் தட்டவில்லை, கங்காணி அடுத்த பெயரைக் கூப்பிட்டார். நான்கு நாள் கழித்து, மலையே தண்ணீராக இறங்கிக்கொண்டிருந்த ஒரு மத்தியானத்தில், ஏழாம் நம்பர் காட்டுக்கு மேலே அடைத்துக்கொண்ட ஓடையைத் திறந்துவிடக் கொம்பையாவைத் தனி ஆளாக அனுப்பினார். அன்று அந்தச் சரிவு முழுக்க இறங்கிவிட்டது. கொம்பையா வரவில்லை.

மறுநாள் பிரட்டில் அவன் பெயர் கூப்பிடப்படவில்லை. வெள்ளத்தாயி பூட்ஸைப் பார்த்துக் கேட்டாள், “ஐயா, எம்மவன் கொம்பையா...”

“எந்தக் கொம்பையா? அப்படி ஒரு ஆள் என் செக்ரோல்ல கிடையாதே” என்றது குரல்.

உண்மைதான், கிடையாது. அந்த வரி பிளேடால் சுரண்டப்பட்டிருந்தது. அதைவிட மோசம், பிளேடு படாத இடங்களிலும் அந்தப் பெயர் சுரண்டப்பட்டுப் போனது. முதல் வாரம் லயத்துப் பெண்கள் வந்து அவளைக் கட்டிக்கொண்டு அழுதார்கள். அடுத்த வாரம், பிள்ளை மலையிறங்கிக் கீழ்நாட்டுக்குப் போயிருப்பான் என்றார்கள். மார்கழியில் அவன் பேச்சை எடுத்தாலே அடுப்பில் வேலை இருப்பதாக எழுந்து போனார்கள். தையில் ஒருத்தி, முகத்தில் எந்தக் கள்ளமும் இல்லாமல், “உனக்குப் பிள்ளை இருந்துச்சா என்ன?” என்று கேட்டாள். வெள்ளத்தாயி ஞாயிற்றுக்கிழமைகளில் ஏழாம் நம்பர் காட்டுக்குப் போய்க் கையால் மண்ணைக் கிளறுவாள். அந்தச் சரிவு ஒரு கிராமத்தை உள்ளே வைத்து மூடும் அளவுக்குப் பெரியது, அதன்மேல் புதுத் தேயிலைக் கன்றும் நட்டுவிட்டார்கள். எங்கே என்று தோண்டுவாள்? தான்தான் பைத்தியமோ, அப்படி ஒருவனைப் பெறவே இல்லையோ என்று அவளுக்கே சில வேளைகளில் பயம் வந்தது. மகன் போன துக்கத்தைவிட அந்தப் பயம் அவளை அதிகமாக அரித்தது.

இந்த உலகத்தில் ஒரே ஓர் ஆளுக்குத்தான் அவன் எங்கே கிடக்கிறான் என்பது தெரியும். வாய் பொய் சொன்னாலும் முகம் காட்டிக்கொடுக்கும் என்று நினைத்துத்தான் அவள் அன்றைக்கு நிமிர்ந்தாள். பார்த்தால் முகம் இல்லை.

அவள் திடுக்கிடவில்லை. இருக்கிற மகனை இல்லை என்று சொல்லும் ஊரில் ஒரு தலை இல்லாமல் போவது பெரிய காரியமாக அவளுக்குப் படவில்லை. தலை இருக்க வேண்டிய இடத்தை விடாமல் பார்த்தாள், எங்கே எம்மவன் என்று கேட்டபடியே பார்த்தாள், அப்படிப் பார்க்கப் பார்க்க அந்தப் பனிக்குள் ஓர் இடது காது, மயிர் முளைத்த வயசான காது, மெல்ல வந்து நின்றது.

பெயர் கூப்பிட்டுக்கொண்டிருந்த குரல் நின்றது. கங்காணியின் கை மேலே போய்க் காதைத் தொட்டது. ஒன்பது நாளாக முகம் கழுவக் கையைக் கொண்டுபோனால் கை காற்றில் போய்வந்த மனுஷன் அவர்.

“யாரு என்னைப் பார்த்தது?”

முந்நூறு தலைகளும் இன்னும் கீழே இறங்கின.

“பயப்படாதீங்க. யாரு பார்த்ததுன்னுதான் கேக்கேன்” என்றது குரல், அந்தக் குரல் நடுங்கியதை மட்டும் எல்லாரும் கேட்டார்கள்.

வெள்ளத்தாயியும் குனிந்துகொண்டாள். தன் கையில் என்ன இருக்கிறது என்பது அவளுக்குப் புரிந்துவிட்டது. காது வந்த வழியே போய்விட்டது.

அன்று சாயங்காலத்துக்குள் மலை முழுக்கச் சேதி பரவிவிட்டது, பரவிய வேகத்திலேயே பழகியும் போனது. சமையல்காரன் சோற்றுருண்டையைக் கழுத்துப்பட்டிக்கு ஒரு சாண் மேலே நீட்டக் கற்றுக்கொண்டான், அது மறைந்தால் விழுங்கியாயிற்று என்று அர்த்தம். சவரத்துக்கு வருகிறவன் வழக்கம்போல வந்து காற்றில் சோப்பு போட்டுக் காற்றை மழித்துவிட்டுப் போனான். பங்களாவில் இருந்த துரை, கொழுந்து நேரத்துக்கு வருகிறதா என்று கேட்டார், வருகிறது என்றார்கள், அப்புறம் என்ன என்றார். கங்காணியோ மறுநாளே பிரட்டில் முந்நூறு பேரையும் நிமிர்ந்து தன்னைப் பார்க்கச் சொல்லி உத்தரவு போட்டார். நிமிர்ந்தார்கள். கழுத்து வலிக்க அரைமணி நேரம் பார்த்தார்கள். ஒரு மயிரிழைகூட வரவில்லை, அவர்கள் அத்தனை பேரும் உத்தரவைத்தான் பார்த்தார்கள், கங்காணியைப் பார்க்கவில்லை. அன்றைக்குத் தோளும் போயிற்று.

ஆஸ்பத்திரிக் கம்பவுண்டர் ஞானாபரணத்தைக் கூப்பிட்டார்கள். அவர் நாடி பிடித்துப் பார்த்தார், நாடி ஒழுங்காகத்தான் இருந்தது.

“ஐயா, நான் வேலை பழகுன மிஷன் ஆஸ்பத்திரியில ஒரு ஜெர்மன் பாதிரியார் இருந்தாரு. தடித் தடியாப் புத்தகம் வச்சிருப்பாரு. அவரு சொல்லுவாரு, ஒருத்தன் தனக்குள்ளயே ‘நான், நான்’னு சொல்லிக்கிட்டா அது பத்தாதாம், அவனைப் போலவே ‘நான்’னு சொல்லுற இன்னொருத்தன் அவனை ஒத்துக்கிடணுமாம். இல்லேன்னா அந்த ‘நான்’ நிலைச்சு நிக்காதாம். அப்ப எனக்கு விளங்கலை. இப்ப உங்களைப் பார்த்தா கொஞ்சம் விளங்குது.”

“ஒத்துக்கிடத்தான் முந்நூறு பேர் இருக்கானே. தெனமும் கும்பிடுதானே.”

“அவங்களை நீங்க ஆளுன்னு ஒத்துக்கிட்டிருக்கணுமே ஐயா. தேயிலைச் செடி உங்களைக் கும்பிட்டா அது கும்பிடா?”

கங்காணி கம்பவுண்டரை அறைந்தார். ஆனால் நாடி பார்த்த கையும் அதற்குள் விரல்நுனிவரை போய்விட்டிருந்ததால் அறை யார் மேலும் விழவில்லை. ஞானாபரணம் பையை எடுத்துக்கொண்டு மரியாதையாக வெளியே வந்துவிட்டார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை உச்சிவெயிலில், முப்பது வருஷத்தில் முதல் தடவையாக, பூட்ஸ் லயத்துக்கு வந்தது. இடுப்புக்கு மேலே ஒன்றும் இல்லாத காக்கிக் கால்சட்டை மூன்றாம் லயத்து வாசலில் வந்து நின்றது. வெள்ளத்தாயி கருவாடு கழுவிக்கொண்டிருந்தாள், எழுந்திருக்கவில்லை.

“நீதானே அன்னைக்குப் பார்த்தது?”

“ஆமா.”

“இன்னொருக்காப் பாரு.”

“எம்மவன் எங்க?”

“கோட்டி பிடிச்ச பொம்பளே, உனக்கு மவனே கிடையாது.”

“அப்ப உமக்குத் தலையும் கிடையாது” என்றாள் வெள்ளத்தாயி. கழுவின தண்ணீரை அவள் வாசலில் ஊற்றினாள், அது பூட்ஸ் மேல் தெறித்தது.

பூட்ஸ் ஓர் அடி பின்னே போயிற்று. பிறகு குரல், இதுவரை யாரும் கேட்டிராத ஒரு குரல், “பயமா இருக்கு” என்றது. தன்னிடம்தான் சொன்னதா, தனக்குத்தானே சொல்லிக்கொண்டதா என்று அவளுக்குத் தெரியவில்லை. அவள் மனசு இளகவும் இல்லை. எம்பிள்ளையும் இப்படித்தானே பயந்திருப்பான் என்று நினைத்தாள், நினைத்ததும் கருவாட்டைக் கீழே போட்டாள்.

ஆனால் ஊருக்கு இளகியது. அந்த வாரத்தில் கங்காணியின் குரலும் தேய ஆரம்பித்தது. ஒரு நாள் பிரட்டில் பெயர் கூப்பிடுவது யாருக்கும் கேட்கவில்லை. முந்நூறு பேரும் வெயில் ஏறும்வரை நின்ற இடத்தில் நின்றார்கள். காட்டுக்குப் போக வழி தெரியும், வேலை தெரியும், வேலை செய்யும் கையும் இருந்தது, தேயிலையை உண்டாக்குவது அந்தக் கைகள்தான், கங்காணி இல்லை. இதெல்லாம் இருந்தும் பெயர் கூப்பிடப்படாமல் ஓர் அடி எடுத்து வைக்க ஒருத்தருக்கும் கால் வரவில்லை. தாங்கள் வந்திருப்பது யாருக்கும் தெரியாதே என்று ஒரு கிழவர் தேம்பி அழுதார். கங்காணி முழுசாகப் போய்விட்டால் தங்கள் கதி என்ன என்று அன்றைக்கு அந்த மலை முதல் தடவையாக யோசித்தது. யோசித்து, வெள்ளத்தாயி வீட்டுக்கு வந்தது.

முன்னால் வந்தவள் பக்கத்து வீட்டு மாடத்தி. முறைக்கு நாத்தனார், முப்பது வருஷப் பழக்கம்.

“மதினி, உன்னால ஒரு ஊரே தவிக்குது. ஒரு பார்வைதானே? பார்த்துத் தொலையேன்.”

“மாடத்தி, எம்மவன் பேரு என்ன?”

மாடத்தி தன் பின்னால் நின்றவர்களைத் திரும்பிப் பார்த்தாள்.

“பொறந்த அன்னைக்கு அவன் நாக்குல சேனை வச்சது நீ. சீனித்தண்ணியத் தொட்டு நீதான் வச்சே. உன் குணம்தான் அவனுக்கு வரும்னு நான் சொன்னேன், நீ சிரிச்சே. சொல்லு, அவன் பேரு என்ன?”

மாடத்தி மெதுவாகக் குனிந்து வெள்ளத்தாயியின் காலைப் பார்த்தாள். பின்னால் நின்ற அத்தனை பேரும் அப்படியே குனிந்து அவள் காலைப் பார்த்தார்கள். கங்காணிமேல் வராத வெறுப்பு அந்த நிமிஷம் வெள்ளத்தாயிக்கு அவர்கள்மேல் வந்தது. தன் காலில் பூட்ஸ் இல்லை, வெறும் வெடிப்புதான், அதையும் பார்க்கிறார்களே என்று காலைப் புடவைக்குள் இழுத்துக்கொண்டாள். கதவைச் சாத்திக்கொண்டாள்.

மறுநாள் பிரட்டுக்களத்துக்கு பூட்ஸ் மட்டும் வந்தது. கணுக்காலும் இல்லை. ஜனங்கள் அதற்கும் குனிந்தார்கள். வெள்ளத்தாயி வரிசையை விட்டு வெளியே வந்தாள்.

“கூப்பிடும்” என்றாள். “அவன் பேரைக் கூப்பிடும். நான் பாக்கேன்.”

பிறகு, காதுக்குள் பூச்சி ஊர்வது போல ஒரு குரல்: “கொம்பையா.”

நான்கு மாதமாக அந்தப் பெயரை அவளைத் தவிர வேறு யாரும் சொல்லவில்லை. அப்படியென்றால் பெற்றது நிஜம், வளர்த்தது நிஜம், பைத்தியம் இல்லை. அவள் பார்த்தாள். பூட்ஸுக்கு மேலே கால்கள் வந்தன.

“அவனை நீர்தான் அனுப்புனீரு.”

“நான்தான் அனுப்புனேன். சரிவு இறங்கும்னு தெரிஞ்சுதான் அனுப்புனேன்.” இடுப்பு வந்தது, நெஞ்சு வந்தது. “பின்னாலயே போயிப் பார்த்தேன். நெஞ்சுமட்டும் மண்ணுக்குள்ள நின்னான். உசுரோடதான் இருந்தான். ‘ஐயா, கையக் குடுங்க’ன்னான்.”

“குடுத்தீரா?”

தோள் வந்தது, கழுத்து வந்தது, வெள்ளை முள் முளைத்த மோவாய் வந்தது. அந்த வாய் அழுதுகொண்டிருந்தது.

“முதல்ல ‘தலையக் குனிலே’ன்னு சொன்னேன். குனிஞ்சா கை குடுக்கேன்னு சொன்னேன். அவன் என்னையப் பார்த்துக்கிட்டே இருந்தான். கோவமாப் பார்க்கலை. இதுவும் ஒரு மனுஷன்தானான்னு கண்டுபிடிக்கப் பார்க்குற மாதிரி பார்த்தான். அவன் கண்ணுக்குள்ள நான் தெரிஞ்சேன், பூட்ஸு போட்ட ஒரு பொடி ஆளு. எனக்குப் பொறுக்கலை. ‘குனிலே’ன்னு திரும்பவும் சொன்னேன். அவன் குனியலை, நான் கை குடுக்கலை. மறுபடியும் மண்ணு வந்துச்சு.”

கடைசியாகக் கண்கள் வந்தன. வந்த கண்கள் முதலில் பார்த்தது அவளைத்தான். முப்பது வருஷமாகத் தன் முன்னால் நின்ற அந்தப் பெண்ணை அவர் அப்போதுதான் பார்த்தார்.

அவளும் பார்த்தாள். அரக்க முகம் ஒன்றை எதிர்பார்த்திருந்தாள். அம்மைத் தழும்பு விழுந்த, பல் விழுந்த, சந்தையில் எதிரே வந்தால் நினைவில் நிற்காத ஒரு கிழவன் முகம் இருந்தது. இவ்வளவுதானா, இந்த முகத்துக்காகவா எம்பிள்ளை என்று அவளுக்கு நெஞ்சு எரிந்தது. குனிந்தால் போதும், அந்த முகம் காற்றோடு போய்விடும், அப்படி ஓர் ஆசை அவளுக்கு வந்தது. கொன்றவனை உயிரோடு நிறுத்திவைக்கத் தன் கண்ணையே கொடுக்க வேண்டியிருக்கிறதே என்று அவமானமாகவும் இருந்தது. ஆனால் இடம் இன்னும் தெரியவில்லை.

“எங்க கிடக்கான்?”

“மேக்கால, மூணாவது ஓடைக்கு வலப்பக்கம், பாறைக்குக் கீழ. வந்து காட்டுதேன்.”

அப்போது மாடத்தி, குனிந்திருந்தவள், யாரும் சொல்லாமல் நிமிர்ந்தாள். “நான்தான் சேனை வச்சேன்” என்றாள், யாரும் கேட்காமலே. “கொம்பையா. கொம்பையான்னுதான் பேரு. நான்தான் சேனை வச்சேன்.” பிறகு தலையில் அடித்துக்கொண்டு அழுதாள். அவளுக்குப் பின்னால் ஒவ்வொருவராக நிமிர்ந்தார்கள். முந்நூறு ஜோடிக் கண்கள் சொந்த விருப்பத்தில், ஒரு துளி இரக்கம் இல்லாமல், கங்காணியைப் பார்த்தன. அந்தப் பார்வையில் அவர் இன்னும் திடமானார், இனி மறைந்துபோக நினைத்தாலும் முடியாத அளவுக்குத் திடமாக ஆனார்.

அன்று பெயர் கூப்பிடாமலே எல்லாரும் காட்டுக்கு ஏறினார்கள். கங்காணி முன்னால் போனார். வெள்ளத்தாயி அவர் பிடரியிலிருந்து கண்ணை எடுக்காமல், வழியில் கல் தடுக்கி இரண்டு தரம் விழுந்தும் கண்ணை எடுக்காமல், பின்னால் போனாள். கீழேயிருந்து போலீஸ் ஏட்டையும் கூட்டிவந்தார்கள். கங்காணி காட்டின இடத்தில் கன்றுகளைப் பிடுங்கிவிட்டு ஆண்கள் தோண்டினார்கள். நான்கு அடி ஆழத்தில் மண்வெட்டி துணியில் பட்டது, அதற்கு அப்புறம் கையாலேயே எடுத்தார்கள்.

எஸ்டேட்டில் எல்லா ஆம்பிளைக்கும் கொடுக்கும் அதே காக்கி அரைக்கால்சட்டை. எல்லாருக்கும் கொடுக்கும் அதே கம்பளி. நான்கு மாத மழையும் மண்ணும் அதற்குள் இருந்ததைத் தம் இஷ்டப்படி செய்திருந்தன.

ஏட்டு மூக்கைப் பொத்திக்கொண்டு, “ஏம்மா, எழுதணும். இது உன் மவன்தானா? பார்த்துச் சொல்லு” என்றார்.

வெள்ளத்தாயி மண்டிபோட்டு உட்கார்ந்து பார்த்தாள். இதே கண்ணுக்குத்தான் பனிக்குள்ளிருந்து காது வந்தது, இதே கண்ணுக்குத்தான் மோவாயும் மூக்கும் அழுகிற வாயும் வந்தன. வேண்டாத ஒருவனுக்கே அவ்வளவு செய்த பார்வை பெற்ற பிள்ளைக்குச் செய்யாதா? இருபது வருஷம் அவனைப் பார்த்ததெல்லாம் சேர்த்து ஒரே பார்வையாகப் பார்த்தாள். புருவத்தைத் தேடிப் பார்த்தாள், மேலுதட்டு மச்சத்தைத் தேடிப் பார்த்தாள், கொம்பையா, கொம்பையா என்று கூப்பிட்டுக்கூடப் பார்த்தாள். ஏட்டு பேனாவை மூடிவிட்டுக் காத்திருந்தார். வெயில் பாறையைத் தாண்டிப் போயிற்று. மண் மண்ணாகவே இருந்தது. ஒன்றும் வரவில்லை.

அப்போது அவள் தலையைத் திருப்பி, கூட்டத்துக்கு நடுவே முழுசாக நின்றிருந்த சிவனாண்டியைத் தேடினாள். பிள்ளையின் முகத்தைக் கடைசியாகப் பார்த்த ஆள் அவர் ஒருவர்தான்.

“நீரு சொல்லும்” என்றாள். “இது எம்மவன்தானா?”

கங்காணி பூட்ஸைக் கழற்றிவிட்டுக் குழிக்குப் பக்கத்தில் வந்து குனிந்து பார்த்தார். பிறகு அவளைப் பார்த்தார்.

“ஆமா ஆத்தா. கொம்பையாதான்.”

அவர் சொன்ன பிறகுதான் அவளால் அவனைத் தொட முடிந்தது.